ஆகாயப் படமும் கரியாலூர்ப் புனமும்

கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வழியாக மேற்கே சென்று, கோமுகி அணையின் நீர்ப்பரப்பைக் கண்டு, கல்வராயன் மலைமீது ஏறுவோர் ஏதேனும் ஒரு வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே நோக்காமற் செல்லார். யானும் அங்ஙனம் நின்றவனே. கீழே நெல்லும் கரும்பும் நின்ற வயல்கள் சதுரங்கப் பலகையின் கட்டங்களென வரம்புகளால் வகுக்கப்பட்டுத் தோன்றின. இஃது இன்னார் வயல், அஃது அன்னார் தோட்டம் என்று அவ்வுயரத்தினின்றே சுட்டிவிடலாம் போலிருந்தது. பின்னர் மேலேறிக் கரியாலூரை அடைந்து எதிர்ச்சரிவை நோக்கியபோது அவ்வெண்ணம் போயிற்று. சாமைக் கொல்லையும் புதரும், மரவள்ளியும் மரக்காடும், பலாவும் பாறையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகின்றதென்று எனக்கு விளங்கவில்லை. அருகில் நின்ற மலையாளி முதியவர் ஒருவர்க்கோ அஃது ஐயமின்றி விளங்கிற்று. "அந்தப் புளிய மரத்துக்கு இந்தாண்டை எங்களுது, அந்தாண்டை எங்க பங்காளி வூட்டுது" என்றார். யான் புளிய மரத்தையே கண்டிலேன்.

இச்சிறு நிகழ்ச்சியை ஈண்டு உரைப்பதற்குக் காரணம் உண்டு. ஆளில்லாமற் பறக்கும் சிறு விமானங்களும், விண்ணிற் சுழலும் செயற்கைக்கோள்களும் நிலத்தைப் படம் பிடித்துத் தருதல் இக்காலத்தில் எளிதாகிவிட்டது. அப்படத்தைக் கொண்டு இன்னாருடைய மனை இவ்வளவு, இன்னாருடைய நிலம் இவ்வளவு, இதன்கண் இன்ன கட்டடம் உளது, இது பயிர், இது காடு என்று பதிவு செய்தலும் மதிப்பிடுதலும் பரவி வருகின்றன. நம் கல்லூரி நண்பர்கள் சிலர், இனி நில வழக்கென்பதே இராது, வானமே சாட்சி சொல்லிவிடும் என்று மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியிற் பாதியை யானும் ஒப்புகின்றேன். மற்றைப் பாதியை ஒப்பாமைக்குக் கரியாலூர்ச் சரிவே காரணம். ஆகாயப் படம் நல்ல சாட்சி. ஆயின் அது நீதிபதியன்று. சாட்சியை நீதிபதியின் இருக்கையில் ஏற்றிவிட்டால் மலையில் வாழும் ஏழைக் குடிகளுக்கு நேரும் இடர் சிறியதன்று. இதனை எடுத்துக் காட்டவே இக்கட்டுரை எழுந்தது.

வானினின்று நிலத்தைப் படம் பிடிக்கும் எண்ணம் புதியதன்று. பிரெஞ்சு நாட்டில் நாதார் என்னும் புனைபெயர் கொண்ட படக்கலைஞர் 1858இல் பாரிஸ் நகரின் புறத்தே கூண்டு கட்டிய பலூனில் ஏறிப் படம் எடுத்தார். அவர் அதனை வேடிக்கைக்காக மட்டும் செய்யவில்லை. சங்கிலியும் கோலும் கொண்டு பல ஆண்டு செய்யும் நில அளவையைப் படத்தாற் சுருக்கிவிடலாம் என்பதே அவர் கருத்து. ஆகவே, நிலவுடைமைப் பதிவென்பது இக்கலை பிறந்தபோதே அதனுடன் பிறந்தது எனலாம். நம் நாட்டிலோ அளவைக் கலை தரையினின்றே வளர்ந்தது. சென்னைக் கோட்டையில் 1794இல் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1802இல் லாம்டன் துரை பரங்கிமலை அருகே சங்கிலி இட்டு அடிக்கோடு ஒன்றை அளந்து, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கி, இந்தியா முழுவதையும் அளக்கும் பெருந்தொழிலைத் தொடங்கினார். ரயத்துவாரிக் கிராமங்களில் சங்கிலி ஆட்கள் வயல்தோறும் நடந்து, கல் நட்டு, புலப்படம் வரைந்தனர். அவ்வளவையில் குறைகள் இருந்தன; கையூட்டும் இருந்தது. ஆயினும் அளப்பவன் வயலில் வந்து நின்றான். உடையவனும் பக்கத்து வயலான் ஒருவனும் உடன் நின்றனர். இந்த ஒரு செய்தியை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இனிப் படம் எங்ஙனம் அளவாகின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம். படம் பார்த்தவுடன் அது நிலத்தின் உருவமே என்று நாம் நம்பிவிடுகின்றோம். அஃது உண்மையன்று. கண்ணாடி வில்லையின் வழியாக எடுக்கப்படும் எந்தப் படத்திலும் அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றும். சமவெளியில் நிலமெல்லாம் விமானத்தினின்று ஏறத்தாழ ஒரே தொலைவில் இருத்தலின் இதனாற் கேடில்லை. மலையில் அவ்வாறன்று. ஆளில்லா ஊர்தி ஒன்று பள்ளத்தாக்கினின்று எழுந்து 120 மீட்டர் உயரத்தில் நேரே பறக்கின்றதென்று கொள்வோம். சரிவு 60 மீட்டர் உயர்ந்திருக்குமாயின், உச்சியிலுள்ள நிலம் ஊர்தியினின்று 60 மீட்டர் தொலைவிலேயே இருக்கும். அங்குள்ள கொல்லை படத்தில் நீள அகலங்களில் இருமடங்காகத் தோன்றும். பரப்பிலோ நான்கு மடங்காகும். அன்றியும், படத்தின் நடுவிலுள்ள மரம் உச்சிமட்டும் தெரிய நிற்க, ஓரத்திலுள்ள மரம் வெளிநோக்கிச் சாய்ந்ததுபோல் விழுந்து தன் பின்னுள்ள நிலத்தை மறைக்கும்.

இக்குறைகளைப் போக்க வழி உண்டு. அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று கவியும்படி எடுக்க வேண்டும். ஒரே இடத்தை இரு நிலைகளினின்று நோக்குதலால், நம் இரு கண்கள் ஆழத்தை உணர்வது போலக் கணிப்பொறி மேடுபள்ளத்தை உணரும். தரையில் நிலைக்குறிகள் பலவற்றை நாட்டி, அவற்றின் இருப்பிடத்தைக் கருவியால் நுட்பமாக அளந்து, படத்தை அக்குறிகளோடு பொருத்த வேண்டும். பின்னரே ஒவ்வொரு புள்ளியும் நேர்மேலினின்று பார்த்தாற்போல் திருத்தப்பட்ட படம் கிடைக்கும். இங்ஙனம் செய்யின் அளவு மிக நுட்பமாய் வரும். சங்கிலி ஆளால் எட்ட முடியாத நுட்பம் அது. செய்யாமல் விட்டாலோ அழகிய வண்ணப்படம் ஒன்று மிஞ்சும். அதன்மேற் கோடு கிழித்து ஏக்கர் கணக்கிடுதல் பிழையாகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதில் அச்சம் தருவது.

சரிவு நிலத்துக்கு இன்னும் ஒரு விசேடம் உண்டு. நில அளவையிற் பரப்பு என்பது கிடைமட்டப் பரப்பே. 30 பாகைச் சரிவில் ஒரு குடியானவன் கொத்தும் மண்ணின் பரப்பு, படத்திற் காணும் பரப்பினும் நூற்றுக்கு 15 பங்கு மிகுதி. படத்தில் 1 ஏக்கர் எனின், அவன் மண்வெட்டி அறியும் கணக்கு 1.15 ஏக்கர். பயிர் மேல்நோக்கி நிமிர்ந்தே வளர்தலின் கிடைமட்ட அளவே முறை என்பர் அறிஞர், அதனை மறுத்திலேன். முதுகு வலியைக் கிடைமட்டத்தில் அளக்க முடியாது என்பதை மட்டும் சொல்லி அமைகின்றேன்.

கரியாலூர்க்கு வருவோம். கல்வராயன் மலைநாடு நெடுங்காலம் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூவர் மரபினரின் ஜாகீர்களாக இருந்தது. மலையாளிகள் எனப்படும் இம்மலைவாழ் மக்கள், தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்று வழிவழிக் கதை கூறுவர். அடிவாரத்து ரயத்துவாரிக் கிராமங்களிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கல்லும் புல எண்ணும் ஏற்பட்டுவிட்டன. ஜாகீர் நிலமோ அவ்வளவைக்குப் புறம்பாய் நின்றது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஜாகீர் ஆட்சி உடனே ஒழியவில்லை. 1976ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் இம்மலையைத் தன் நேர் ஆட்சிக்குள் கொண்டது. 2019 நவம்பரில் விழுப்புரத்தினின்று பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளை அடுத்து, சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இத்துணையும் கூறியது எதற்கெனின், சமவெளியான் ஒருவன் தன் பாட்டன் பெயரிலுள்ள பட்டாவையும் அடங்கலையும் எடுத்துக் காட்டுவது போல இம்மலையான் காட்ட இயலாமைக்குக் காரணம் அவன் சோம்பலன்று, சரித்திரம் என்பதை உணர்த்தற்கே.

காகிதம் இல்லாதவனுக்குக் காகிதம் தரவே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. பழங்குடியினன் ஒருவன் 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்னரே வனநிலத்தைத் தன் கைவசம் வைத்து உழுதுவந்திருப்பானாயின், உண்மையில் அவன் வசமுள்ள அளவுக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல், உரிமை வழங்கப்படும். அவ்வுரிமை மக்களுக்கு இறங்கும். ஆனால் விற்க முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து எழுதப்படும். முதலில் கிராம சபை கூடி, தன் வன உரிமைக் குழுவைக் கொண்டு நேரிற் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பின்னர் கோட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் குழுக்கள் ஆராயும். நல்ல சட்டம் என்றே யான் கருதுகின்றேன்.

இச்சட்டத்தில் உயிர்நாடி அந்நாளே. 2005 டிசம்பர் 13இல் அந்நிலம் எவ்வாறு இருந்தது? இன்று ஊர்தியைப் பறக்கவிட்டு எத்துணை நுட்பமாகப் படம் பிடித்தாலும் அஃது இன்றைய நிலையையே காட்டும். இறந்தகாலத்திற்குப் பறக்கும் ஊர்தி இல்லை. ஆகவே அக்காலத்துச் செயற்கைக்கோட் படங்களைத் தேட வேண்டியதாகின்றது. அவற்றின் இயல்பு என்ன? 2003 அக்டோபரில் ஏவப்பெற்ற ரிசோர்ஸ்சாட் முதற் கோளின் கருவிகளுள் ஒன்று நிலத்தை 23.5 மீட்டர்க் கட்டங்களாகக் காண்பது. அக்கட்டம் ஒன்றின் பரப்பு 552 சதுர மீட்டர். நம் கணக்கில் 13 சென்டுக்கு மேல். அதற்குள் ஒரு குடிசையும், முன்றிலும், களமும், இரண்டு பலாமரமும், ஒரு துண்டு கேழ்வரகுக் கொல்லையும் அடங்கிவிடும். படமோ இவ்வனைத்தையும் கலந்து ஒரே நிறமாகக் காட்டும். ஒரு ஏக்கர் நிலம் ஏழு புள்ளிகளிற் சிறிது மிகுதி, அவ்வளவே. அதே கோளின் மற்றொரு கருவி 5.8 மீட்டர் வரை பிரித்தறியும். 2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவப்பெற்ற கார்ட்டோசாட் முதற் கோள் 2.5 மீட்டர் வரை காணும் திறத்தது. சட்டம் குறித்த நாளுக்கு ஏழு திங்களே முன்னர் அது விண்ணேறியது. ஆகவே அந்நாளுக்கு முற்பட்ட நம் நாட்டுப் படங்களிற் பெரும்பாலன கரிய புள்ளிக் கோலங்களே. அவற்றுள் "இங்கே பயிர் இல்லை" என்று படிப்பவன், பெரும்பாலும் "எனக்குத் தெரியவில்லை" என்பதையே வேறு சொல்லாற் கூறுகின்றான்.

தெளிவான படமே கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் இடர் தீராது. சமவெளியான் ஆண்டுதோறும் ஒரே வயலை உழுகின்றான். மலையிற் புனம் செய்வோன் வழக்கம் வேறு. சரிவிற் கலப்பை செல்லாத இடங்களில் புதர் வெட்டி, கொத்தி, சாமையோ தினையோ சில ஆண்டு விதைப்பான். மண் களைத்ததென்று கண்டால் அதனைச் சில ஆண்டு சும்மா விட்டு, வேறொரு துண்டுக்குப் போவான். விட்ட நிலத்தில் புதர் மூடும், இளமரம் எழும், இலை உதிர்ந்து மண் தேறும். பின்னர் அவனே, அவன் மகனோ, அங்கு மீள்வான். இவ்வோய்வு நிலத்தைப் பச்சை மூடியிருக்கும் ஆண்டில் வானினின்று நோக்குங்கால் அஃது அசற்காடு. நிலமோ உறங்குகின்றது, உறங்குகின்றவனை இறந்தவன் என்று எழுதிக்கொள்ளுதல் முறையாகுமோ? சங்கப் புலவர் குறிஞ்சித் திணையிற் பாடிய தினைப்புனமும் கிளியோட்டும் பரணும் நம் மாணவர்க்குப் பாடமாக உள. அப்புனத்தின் தன்மையை அறியாமல் அப்பாட்டைப் படித்துத் தேர்வில் எண் பெறுகின்றோம் என்று சில வேளை ஐயுறுகின்றேன்.

பருவமும் படத்தை மாற்றும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் எடுத்த படத்தில் புதரும் பயிரும் ஒரே பச்சை. பங்குனி சித்திரையில் எடுத்ததில் அறுத்த கொல்லையும் இலையுதிர்ந்த காடும் ஒரே பழுப்பு. மலைமேல் முகில் தவழும் திங்கள்களிற் படமே கிடையாது. வீட்டருகே பலாவும் புளியும் கடுக்காய் மரமும் விட்டு வைத்து, அவற்றின் நிழலிற் பயிர் செய்யும் வழக்கம் உள்ள இடத்தில், மரத்தின் தலை தெரியுமேயன்றி அதன் கீழ் வாழ்வோன் தெரியான். ஆகவே ஒரே ஒரு படத்தை மேசைமேல் விரித்து, "படத்திற் காடு தெரிகின்றது, உன் மனு தள்ளுபடி" என்று கூறுதல் எத்துணைக் கொடுமை என்பதை நேயர் உணர்வாராக.

இஃது என் கற்பனை அன்று. குஜராத்தில் பழங்குடியினர் மனுக்கள் மிகப் பல, செயற்கைக்கோட் படத்தையே பற்றுக்கோடாகக் கொண்டு தள்ளப்பட்டன. அவர்கள் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டு, 2013 மே மாதத்தில் அம்மாநில உயர்நீதிமன்றம், படம் ஒன்றனையே கொண்டு மனுவைத் தள்ளுதல் ஆகாதென்றும், விதிகள் கூறும் ஏனைச் சான்றுகளையும் நோக்க வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 2012இல் திருத்தப்பெற்ற விதிகள் இதனைத் தெளிவாகவே உரைத்தன: செயற்கைக்கோட் படமும் பிற கருவிகளும் மற்றைச் சான்றுக்குத் துணையாகலாம், அதற்கு மாற்றாகக் கொள்ளலாகாது. அவ்விதிகள் சான்றாக ஏற்பவற்றைப் பார்த்தால் உள்ளம் குளிர்கின்றது. குடிசை, சமன் செய்த நிலம், கரை, தடுப்பணை, கிணறு, இடுகாடு, வழிபடும் இடம், மனுதாரர் அல்லாத முதியோர் வாக்கை எழுத்தில் வடித்தது ஆகிய யாவும் சான்றே. கரியாலூர் முதியவர் கண்ட புளிய மரம் அச்சட்டத்தின் கண்ணிலும் படும்; வானத்தின் கண்ணிலேதான் படாது.

ஆயினும் வானத்தின் கண்ணையே பெரிதாக நம்பும் மனப்பான்மை ஒழிந்ததென்று கூற முடியாது. 2019 பிப்ரவரி 13ஆம் நாள் உச்சநீதிமன்றம், உரிமை மனு தள்ளப்பட்டோரை வெளியேற்றுதல் குறித்து ஓர் ஆணை பிறப்பித்தது. அதனோடு, ஆக்கிரமிப்பின் நிலையைச் செயற்கைக்கோள் வழி ஆய்ந்து அறிவிக்குமாறு இந்திய வன ஆய்வு நிறுவனத்தையும் பணித்தது. நாடெங்கும் எழுந்த கவலையை அடுத்து, பதினைந்து நாளில், பிப்ரவரி 28ஆம் நாள், வெளியேற்றும் ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. அப்பதினைந்து நாளும் மலைதோறும் எத்தனை வீடுகளில் உலை வைக்க மனமின்றி இருந்திருப்பர்! எந்த மனு எக்காரணத்தாற் தள்ளப்பட்டது, அக்காரணம் பொருந்துமா என்பதை ஆராய்வதற்கு முன்னரே வானினின்று கணக்கெடுத்தல் தலைகீழான முறை என்பது என் துணிபு.

விவிலியம் பயின்ற நம் மாணவர்க்கு நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதை தெரியும். ஆகாப் மன்னனின் அரண்மனைக்கு அருகே இருந்தமையால் அத்தோட்டம் அவன் கண்ணிற் பட்டது. கீரைத் தோட்டமாக்க நன்றாக இருக்குமென்று தோன்றிற்று. நாபோத்துக்கோ அது தந்தையர் வழி வந்த உரிமை. விலைக்கும் மாற்றுக்கும் இசையாதது. அவ்வழக்கு தீர்ந்தது எங்ஙனம்? பொய்ச் சாட்சிகள் இருவர் வந்தமையால். பொய்ச் சாட்சி மனிதனாக இருந்தால் குறுக்கு விசாரணையில் நாத் தடுமாறும். படம் தடுமாறாது. பொய்யை மெய்போல அசையாமற் காட்டும் சாட்சியை யாம் இன்னும் கூர்மையாக விசாரிக்க வேண்டுமேயன்றி, தடுமாறாமையையே வாய்மைக்கு அடையாளமாகக் கொள்ளலாகாது.

இவ்வளவு கூறியதனால் யான் ஆகாயப் படத்துக்குப் பகைவன் என்று எவரும் எண்ண வேண்டா. தொடக்கத்திலேயே பாதி ஒப்பினேன். அப்பாதியை இப்பொழுது கூறுகின்றேன். மலையில் நில அளவர் நடந்து அளக்க ஒரு திங்கள் ஆகும் பரப்பைச் சிறு ஊர்தி ஒரு காலைப் பொழுதிற் படம் பிடிக்கும். அளவர் வர மறுக்கும் செங்குத்துச் சரிவுக்கும் அது செல்லும். வெளியூர்ச் செல்வர் ஒருவர் மலையான் ஒருவனிடம் ஒரு துண்டுக்குப் பேசி, இரவோடிரவாக இரண்டு துண்டுக்கு வேலி போடுவாராயின், முன்னரும் பின்னரும் எடுத்த இரு படங்கள் அவ்வேலி நடந்த கதையைச் சொல்லும். ஓடை மறிக்கப்பட்டதும், சரிவு வெட்டப்பட்டு விடுதிக்கு மனையானதும் மறையா. கரியாலூரும் வெள்ளிமலையும் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் இந்நாளில் இஃது அற்பச் செய்தியன்று. இன்று முறையாக எடுத்து நாளிட்டு வைக்கும் படம், இருபதாண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகளுக்கு 2005ஆம் ஆண்டுப் புள்ளிக் கோலத்தினும் நூறு மடங்கு தெளிவான சான்றாகும்.

மேலும், கருவி எவர் கையில் இருக்கின்றது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறுகின்றது. தென் அமெரிக்காவில் கயானா நாட்டின் வாபிசான் பழங்குடியினர் 2014இல் வெளியார் சிலர் உதவியுடன் ஆளில்லா ஊர்தி ஒன்றைத் தாமே பூட்டிப் பறக்கவிட்டனர். தம் முன்னோர் நிலத்திற் பிறர் மரம் வெட்டுதலையும் சுரங்கம் தோண்டுதலையும் அதனாற் கண்காணித்தனர். நம் நாட்டில் 2020 ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஸ்வாமித்வா திட்டத்தில், இந்திய நில அளவைத் துறை ஊர்திகளைப் பறக்கவிட்டுக் கிராமத்து வீட்டு மனைகளை அளந்து உடைமை அட்டை வழங்குகின்றது. அத்திட்டத்தின் நல்ல கூறு, தரையிற் சுண்ணாம்புக் கோடிட்டு எல்லை காட்டுதலும், படம் வரைந்த பின் ஊராரிடம் காட்டி ஆட்சேபம் கேட்டலும் ஆகும். ஆனால் அது குடியிருப்பு நத்தத்துக்கே உரியது. புனத்தையும் கொல்லையையும் அது தொடுவதில்லை. நத்தத்துக்கு ஆகும் மரியாதை புனத்துக்கும் ஆக வேண்டும் என்பதே யான் கேட்பது.

அதற்கு என் கருத்தில் தோன்றுவன இவை. படம் எடுக்குமுன் ஊர் கூட வேண்டும். எல்லை அறிந்த முதியோரும், நிலத்திற் பாடுபடும் பெண்டிரும், பக்கத்து நிலத்தாரும் சேர்ந்து நடந்து, மூலைதோறும் வெள்ளைத் துணியோ சுண்ணாம்புக் குறியோ இட வேண்டும். வானினின்று அக்குறி தெரியும். புளிய மரத்துக்குக் கீழே இட்டாற் தெரியாது, சற்று வெளியே இட வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். ஓய்வு நிலத்துக்குத் தனி நிறக் குறி வேண்டும். ஒரு பருவத்துப் படம் போதாது. விதைப்புக் காலத்தொன்றும் அறுப்புக்குப் பின்னொன்றுமாக இரண்டேனும் வேண்டும். படத்தின் விளிம்பில் எடுத்த நாள், பறந்த உயரம், தரைக்குறிகளின் எண்ணிக்கை, சரிவுத் திருத்தம் செய்யப்பட்டதா இல்லையா என்பவை தமிழில் அச்சிடப்பட வேண்டும். இவை இல்லாத படத்தைக் கிராம சபை ஏற்க மறுக்கும் துணிவு பெற வேண்டும். அன்றியும், "இங்குப் பயிர் இல்லை" என்று படத்தைக் காட்டி மறுப்போர், அப்படத்தின் ஒரு கட்டம் எத்தனை மீட்டர் என்பதையும் உடன் எழுதித் தரல் வேண்டும். அவ்வொரு வரியை எழுதத் தொடங்கினாலே மறுப்புகளிற் சில எழுதப்படாமல் நின்றுவிடும்.

இப்பணியில் நம் கல்லூரிக்கும் இடம் உண்டு. புவியியலும் இயற்பியலும் கற்கும் மாணவர் ஆண்டுதோறும் சுற்றுலா செல்கின்றனர்; அருவி கண்டு, படகில் ஏறி, உண்டு, திரும்புகின்றனர். அச்சுற்றுலாவில் ஒன்றனைக் கல்வராயன் மலைக்கு மாற்றி, ஓர் ஊராரின் அழைப்பும் உரிய அனுமதியும் பெற்று, பத்து நாள் தங்கி அவ்வூரின் எல்லையை அவர்களோடு நடந்து குறிக்கலாகாதா? 2021இல் வெளிவந்த ஆளில்லா ஊர்தி விதிகள், வணிக நோக்கமின்றிச் சிறு ஊர்தியைப் பறக்கவிடுதலை முன்னையினும் எளிதாக்கியுள்ளன. சரிவுத் திருத்தக் கணக்கு, வகுப்பிற் கரும்பலகையிற் கண்டதைவிட அங்கே நன்றாக விளங்கும். தமிழ் மாணவரும் உடன் செல்ல வேண்டும். முதியோர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ள அவர்களே தக்கவர். அச்சொற்களைத் திருத்தமான தமிழாக்கிவிடக் கூடாதென்று மட்டும் அவர்களை எச்சரிக்க வேண்டும்.

படத்தின் பிரதிகளைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கின்றேன். இன்று எடுக்கும் படங்கள் எடுத்தவரோடு போய்விடுகின்றன. எவர் நிலமோ அவர் அதனைக் கண்ணாற் காண்பதில்லை. மாணவர் எடுப்பனவற்றுள் ஒரு பிரதி நம் நூல் நிலையத்தில் இருக்கலாம். ஒன்று வட்ட அலுவலகத்துக்குப் போகலாம். முதற் பிரதி, பெரிய தாளில் அச்சிட்டு, மழையில் நனையாதபடி உறையிட்டு, அம்மலையூரின் பொதுக் கட்டடத்துச் சுவரில் மாட்டப்பட வேண்டும். அதன்மேல் அவ்வூரார் விரல் வைத்துத் தங்களுக்குள் வழக்காடட்டும். அந்தப் புளிய மரம் எங்கே என்பதைப் பேரனுக்குக் காட்டட்டும்.